எண்ணிக் கொடுக்கும் தோட்டா

மாட்டுங்காவிலும் சயானிலும் கல்லூரிக்குப் போய் என்.சி.சி.யில் சேர்ந்தவர்களுக்குச் சுடும் நாள் மறக்காது. காலையில் எண்ணிக் கொடுக்கிறார்கள். ஆளுக்கு ஐந்து தோட்டா, அதிர்ஷ்டம் இருந்தால் பத்து. விரிப்பில் குப்புறப் படுத்து, 25 கெஜம் தள்ளி நிற்கும் அட்டையைப் பார்த்து .22 ரைஃபிளால் சுட்டு முடிக்கச் சில நிமிடங்கள் போதும். பெரிய வேலை அதற்கப்புறம்தான். சுட்ட தோட்டாக்களின் காலிப் பித்தளைக் கூடுகள் அத்தனையும் திரும்ப வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் புல்லைக் கோதி, மண்ணைத் தடவித் தேடுகிறார்கள். கணக்கு நேராகும்வரை யாருக்கும் வீடு இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. அவ்வளவு பாடுபட்டுத் தேடும் அந்தக் காலிக் கூடு நடைமுறையில் மறுபடி ஒரு தோட்டாவாக ஆவதில்லை. அதில் மீண்டும் மருந்து நிரப்புவது நடைமுறைக்கு ஒத்துவராத வேலை. தேடுவது கணக்குக்காக மட்டுமே.

பெரிய ரைஃபிள்களின் கதை வேறு. அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் கணிசமானவர்கள் தங்கள் தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். கார் ஷெட்டில் ஒரு மேஜை, அதில் பொருத்திய ஒரு கைப்பிடி அழுத்தி, ஒரு நுண் தராசு. ஒரு முறை சுட்ட கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கி, அதன் அடிப்பாகத்தில் இருக்கும் பழைய பிரைமரைத் தட்டி எடுத்துப் புதியதைப் பொருத்தி, மருந்தை எடை போட்டு, மேலே ரவையை வைத்து அழுத்தினால் மறுபடி ஒரு தோட்டா. சிக்கனம் ஒரு காரணம். ஆனால் முக்கியமான காரணம் வேறு. ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் ஒரு குணம் உண்டு. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு குழல்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக மாற்றி, எந்த அளவில் குறி ஒரே இடத்தில் போய்ச் சேருகிறது என்று பொறுமையாகக் கண்டுபிடிக்கிறார்கள். வாரக்கணக்கில் நடக்கும் வேலை அது. அவசரக்காரர்களுக்கு லாயக்கில்லை.

தமிழனுக்கு இது ஒன்றும் அந்நியமான விஷயமில்லை. நரிக்குறவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போன நாட்டுத் துப்பாக்கி, மருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடுகிற துப்பாக்கிதான். காடைக்கு எவ்வளவு மருந்து, முயலுக்கு எவ்வளவு என்பது கைக்கணக்கு. தன் துப்பாக்கியின் குணம் அறிந்து, அதற்கு ஏற்ப மருந்து போடுகிற அந்தக் கலையைத்தான் அமெரிக்கர்கள் நுண் தராசு வைத்துச் செய்கிறார்கள்.

எடைக் கணக்கும் பழகியதுதான். தோட்டா உலகத்தின் எடை அளவு கிரெய்ன். ஆங்கிலத்தில் தானியமணி என்று பொருள். நம் ஊர்த் தட்டார் நெல்லெடை, குன்றிமணி என்று பொன்னை நிறுத்த மாதிரி அங்கே தானியத்தை வைத்து நிறுத்தார்கள். ஒரு குன்றிமணி எடை இரண்டு கிரெய்னுக்குச் சற்றே குறைவு. போட்டிகளில் பயன்படும் .22 தோட்டாவின் ஈய ரவை 40 கிரெய்ன். அதாவது 2.6 கிராம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சவரன். அதைத் தள்ளும் மருந்தின் எடை ஒரு குன்றிமணிகூட வராது.

இந்தக் குன்றிமணிக்கும் குறைவான மருந்தில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது.

.22 தோட்டாவில் தனிப் பிரைமர் கிடையாது. கூட்டின் அடியில் மடித்து விட்ட விளிம்புக்குள்ளேயே தீப்பற்றும் ரசாயனம் இருக்கிறது. தொழிற்சாலையில் அதை ஈரமாக இட்டு, கூட்டைச் சுழற்றி விளிம்புக்குள் பரப்புகிறார்கள். சுடும்போது துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்குகிறது, ரசாயனம் பற்றுகிறது, மருந்து எரிகிறது. நசுங்கிய விளிம்பை நிமிர்த்தி உள்ளே புது ரசாயனத்தைப் பரப்புவது நடைமுறைக்கு ஒத்துவராது. பிரான்ஸில் ஃப்ளோபெர் 1845-ல் இந்த வகைத் தோட்டாவுக்கு வித்திட்டார். அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1857-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுவதும் போட்டிகளில் பயன்படும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-ல் வந்தது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. மலிவு, சத்தம் குறைவு, உதைப்பு குறைவு. பள்ளிப் பிள்ளைகூடப் பழகலாம். அந்த வசதிகளுக்கு விலை, கையால் கட்ட முடியாது என்பது.

ஆனால் .22 குழலுக்கும் குணம் உண்டு. பெரிய ரைஃபிளைவிட அதிகமாகவே உண்டு.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஒலிம்பிக்கில் .22 ரைஃபிள் இலக்கு 50 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. போட்டித் தோட்டாவின் வேகத்தை வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே, விநாடிக்கு 320, 330 மீட்டர் என்று வைக்கிறார்கள். ஒலித் தடையைத் தாண்டி வந்து மறுபடி அதற்குள் இறங்கும் ரவை தடுமாறும் என்பதால். அந்த வேகத்தில் 50 மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பு அதைப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். அதைச் சரிக்கட்டித்தான் குறிநோக்கியை வைக்கிறார்கள். இப்போது ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு தோட்டாக்களுக்கு இடையே விநாடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால்? இலக்கில் ஏழெட்டு மில்லிமீட்டர் மேலோ கீழோ போகும். இறுதிச் சுற்றில் மதிப்பெண்ணைத் தசமத்தில் கணக்கிடுகிறார்கள். 10.9 ஆக வேண்டிய குறி 10.0 ஆகிவிடும். சுட்டவர் மேல் ஒரு தவறும் இல்லை. மூச்சு நின்றது, விரல் நடுங்கவில்லை, குறி சரி. தவறு குன்றிமணிக்குள் இருந்தது.

கையால் கட்ட முடியாததால் .22 வீரருக்கு மிஞ்சியிருப்பது ஒரே வழி: தேர்ந்தெடுப்பது. பிரிட்டனின் ஈலி, ஜெர்மனியின் ஆர்.டபிள்யு.எஸ்., பின்லாந்துப் பெயர் கொண்ட லபுவா ஆகிய மூன்று பெயர்களைச் சுற்றியே உலகத்தின் உயர்தரப் போட்டித் தோட்டா வியாபாரம் நடக்கிறது. ஒரே மருந்து, ஒரே ஈயம், ஒரே இயந்திர ஓட்டத்தில் வந்த தோட்டாக்களுக்கு ஒரு லாட் எண். ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிட்டிருக்கும். பெயர் ஒன்று, விலை ஒன்று. ஆனால் ஒரு லாட் மாதிரி இன்னொன்று இல்லை. ஒருவருடைய ரைஃபிள் விரும்பும் லாட்டை இன்னொருவருடைய ரைஃபிள் ஒதுக்கித் தள்ளும்.

ஆகவே முன்னணி வீரர்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலைக்கே போகிறார்கள். அங்கே குழலை இரும்புப் பிடியில் இறுக்கி வைத்து, மனிதக் கை படாமல், ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். எந்த லாட்டின் துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றனவோ அந்த லாட்டில் கிடைப்பதை எல்லாம் வாங்கிக்கொள்கிறார்கள். மறுபடி அந்த லாட் வராது. கல்யாணப் பட்டுக்குக் காஞ்சிபுரத்துக்கே போய்த் தறியில் பார்த்து எடுப்பது போல. வசதி உள்ளவர்கள் போவார்கள். இல்லாதவர்கள் வந்ததை உடுத்திக்கொள்வார்கள்.

மும்பையின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இந்திய ரைஃபிள் சுடுதலில் இந்த நகரத்தின் பங்கு பெரிது. வொர்லியில் மகாராஷ்டிர ரைஃபிள் சங்கத்தின் ரேஞ்ச் இருக்கிறது. கீர்த்தி கல்லூரியில் என்.சி.சி. மீது இருந்த ஆசையால் சேர்ந்து, அதன் வழியாக 1988-ல் அந்த ரேஞ்சுக்கு வந்தவர் அஞ்சலி வேத்பாடக். திருமணத்துக்குப் பின் பெயர் அஞ்சலி பாகவத். கடற்படையிலிருந்து வந்த பயிற்சியாளர் சஞ்சய் சக்ரவர்த்தியிடம் பழகினார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கின் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றுக்குப் போனார். 2002-ல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் நான்கு தங்கம். அவற்றில் இரண்டு .22 ரைஃபிளில் வாங்கியவை. அதே ஆண்டு உலகின் முதல் நிலை வீராங்கனை. அவரோடு அதே பட்டறையில் உருவான சுமா ஷிரூரும் தீபாலி தேஷ்பாண்டேயும் 2004-ல் ஏதென்ஸுக்குப் போனார்கள். சஞ்சய் சக்ரவர்த்தி 2021-ல் கோவிட்டில் மறைந்தார். சிஷ்யைகள் குருக்களாகிவிட்டார்கள். செம்பூரிலிருந்து ஹார்பர் ரயிலில் ஏறினால் கடைசியில் வரும் பன்வேலில் சுமா ஷிரூர் பயிற்சி அளிக்கிறார். டோக்கியோ பாராலிம்பிக்கில் ஏர் ரைஃபிள் தங்கமும் 50 மீட்டர் .22 ரைஃபிளில் வெண்கலமும் வாங்கிய அவனி லேகரா அவருடைய மாணவி.

இவ்வளவு இருந்தும், இந்தியாவின் ஒலிம்பிக் ரைஃபிள் பதக்கங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம்: 10 மீட்டர் ஏர் ரைஃபிள். 2012-ல் லண்டனில், சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம்: அதுவும் ஏர் ரைஃபிள். .22 ரைஃபிளில் லண்டனில் ஜாய்தீப் கர்மாகர் நான்காவதாக வந்ததுதான் அதுவரை எட்டிய உயரம். .22 ரைஃபிளில் முதல் ஒலிம்பிக் பதக்கம் 2024 ஆகஸ்ட் 1 அன்றுதான் வந்தது. கோல்ஹாப்பூர் மாவட்டத்துக் கம்பல்வாடி கிராமத்தைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே, 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் 451.4 எடுத்து வெண்கலம் வாங்கினார். அவரை வளர்த்தவர் அதே வொர்லிக்கார தீபாலி தேஷ்பாண்டே.

ஏன் இத்தனை தாமதம்? திறமை இல்லாமலா? ஏர் ரைஃபிளில் உலகத்தை வென்றவர்களுக்கு .22-ல் மட்டும் கை நடுங்குமா? பல காரணங்கள் இருக்கலாம். அதில் ஒன்று தோட்டா.

ஏர் ரைஃபிளுக்கு வேண்டியது காற்றும், 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டும். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி அந்த அளவுக்கு மேற்படாத, 20 ஜூலுக்குக் குறைந்த சக்தி கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். மொட்டை மாடியில், நீண்ட கூடத்தில், பள்ளியின் காலி அறையில் பத்து மீட்டர் கிடைத்தால் பயிற்சி. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் மாதிரியானவர்கள் உலகக் கோப்பைத் தங்கம் வரை போனது அந்தக் கதவு வழியாகத்தான்.

.22-க்கு வந்தால் கதவு மாறிவிடுகிறது. அது வெடிமருந்து. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது. சட்டம் .22-க்கு விரோதியில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் சங்க உறுப்பினர் குறிப் பயிற்சிக்காக .22 ரைஃபிள் கேட்டால் லைசென்ஸ் தர வேண்டும் என்று 13-ம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் தோட்டா விஷயத்தில் சட்டத்தின் கண் கூர்மை. தோட்டா மட்டுமல்ல, தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும்கூடச் சட்டத்தின் அகராதியில் 'வெடிபொருள்' வரையறைக்குள் அடங்கும். அமெரிக்கன் கார் ஷெட்டில் இருக்கும் அந்தக் கைப்பிடி அழுத்தி இங்கே ஒரு தாராவிப் பட்டறையில் இருந்தால் அது தொழில் கருவி இல்லை, குற்றச் சான்று. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்தால் 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள்.

இந்தக் கண்டிப்பை மும்பைக்காரர் யாரும் வேடிக்கையாகப் பார்க்க மாட்டார்கள். 1993 மார்ச் 12-ஐயும் 2008 நவம்பர் 26-ஐயும் பார்த்த ஊர் இது. தாதாக்களின் துப்பாக்கிச் சண்டைகள் செம்பூர்த் தெருக்களுக்குப் புதிதல்ல. கணக்கில் வராத ஒரு தோட்டா யாருடைய மார்பில் போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. என்.சி.சி. ஹவில்தார் காலிக் கூட்டை எண்ணுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கண்டிப்பு எண்ணிக்கையில் மட்டும் நின்றுவிடும்போதுதான் பிரச்சினை. விளையாட்டு வீரர்கள் பயிற்சிக்காக ஆண்டுக்கு வாங்கக்கூடிய .22 தோட்டா, 2020 பிப்ரவரிவரை 1,000. அந்த மாதம் மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பு அதை 5,000 ஆக்கியது. பழைய வரம்பின் பொருள் என்ன? அன்றைய ஆண்கள் மூன்று நிலைப் போட்டியில் ஒருவர் 120 முறை சுட வேண்டும், குறி சரிபார்க்கும் சோதனைத் தோட்டாக்கள் தனி. 1,000 தோட்டா எட்டுப் போட்டிக்குப் போதாது. தினம் 100 முறை சுட்டுப் பழகுபவருக்குப் பத்து நாள். மீதி 355 நாள் வெறும் துப்பாக்கியைத் தூக்கி, தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழக வேண்டியதுதான். அதுவும் ஒரு பயிற்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சமையல் புத்தகத்தை மனப்பாடம் செய்கிறவன் உப்பு பார்ப்பது எப்போது?

வீரரின் தகுதிக்கு ஏற்ப விதிகள் மாறும்; சர்வதேச அளவில் பெயர் பெற்றவர்களுக்குச் சலுகைகள் தனி. அதனால் வரம்பு இறுக்கியது மேலே ஏறிவிட்டவர்களை அல்ல. ஏணியின் கீழ்ப்படியில் கால் வைத்தவர்களை.

இன்னொரு பட்டியலையும் பார்க்கலாம். 2004-ல் ஏதென்ஸில் ஷாட்கன் பிரிவில் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் ராணுவ அதிகாரி. 2012-ல் லண்டனில் 25 மீட்டர் ராபிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வாங்கிய விஜய் குமார் டோக்ரா ரெஜிமென்ட்டின் சுபேதார். அவர் சுட்டதும் .22 தோட்டாதான். மருந்தும் தோட்டாவும் தேவைப்படும் பிரிவுகளில் இந்தியாவுக்குப் பதக்கம் கொண்டு வந்த முதல் இருவருக்கும் பின்னால் ராணுவம் இருந்தது. ராணுவத்தில் பயிற்சித் தோட்டாவுக்காக வீட்டில் கடன் வாங்க வேண்டியதில்லை.

குசாலே வீட்டில் அந்த நிலைமை இருந்தது. மகன் பாரிஸில் ஜெயித்த பிறகு பத்திரிகைகள் அதை எழுதின. தந்தை பள்ளி ஆசிரியர். மகனுக்குத் தோட்டா வாங்கிக் கொடுக்கக் கடன் வாங்கியவர். பையன் 2009-ல் மகாராஷ்டிர அரசின் கிரீடா பிரபோதினி விளையாட்டுத் திட்டத்தில் சேர்ந்தார். பிறகு மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை கிடைத்தது. அப்பாவின் கடன், அரசின் திட்டம், ரயில்வேயின் சம்பளம் இந்த மூன்றும் சேர்ந்துதான் அவர் கையில் தோட்டாவை வைத்தன. மூன்றில் ஒன்று தவறியிருந்தால்?

தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் ஒற்றை அறையில் வாழும் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குப் பூர்வீகம் திருநெல்வேலி, தோல் பட்டறையில் வேலை. அம்மா விடியற்காலையில் இட்லி அவித்து விற்கிறார். மகளுக்கு என்.சி.சி.யில் கண்ணும் கையும் சேர்ந்து வருகிறது என்று அதிகாரி சொல்கிறார். வொர்லிக்குப் போகிறாள். துப்பாக்கியைச் சங்கம் இரவல் தரலாம். கோட்டும் காலணியும் யாராவது பெரிய வீராங்கனை பயன்படுத்தியது கிடைக்கலாம். தோட்டாவை இரவல் வாங்க முடியாது. சுட்டால் போயிற்று. ஒரு கணக்குக்காகத் தோட்டாவுக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 100 தோட்டா சுடும் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். அம்மா எத்தனை இட்லி அவிக்க வேண்டும்?

அந்தப் பெண் என்ன செய்வாள்? மலிவான தோட்டாவில் பழகுவாள். குறி ஒன்று விலகும். விலகியது தன் விரலாலா, தோட்டாவாலா என்று அவளுக்குத் தெரியாது. இதுதான் விஷயத்தின் மையம். நல்ல தோட்டாவில் பழகுகிறவருக்குத் தவறு தெரியும். தெரிந்த தவறைத் திருத்தலாம். மட்டமான தோட்டாவில் பழகுகிறவர் இல்லாத தவறைத் திருத்திக்கொண்டிருப்பார். சரியாக இருந்த மூச்சை மாற்றுவார், சரியாக இருந்த பிடியை மாற்றுவார். ஒரு வருஷத்தில் கையிலிருந்த திறமையும் போய்விடும். பிறகு 'அவளுக்கு அவ்வளவுதான்' என்று எல்லோரும் சொல்வார்கள்.

இந்தியாவுக்குத் தோட்டாத் தொழில் புதிதல்ல. புனே அருகே கட்கியில் வெடிபொருள் தொழிற்சாலை 1869 முதல் இருக்கிறது. நீலகிரியில் அருவங்காட்டின் கார்டைட் தொழிற்சாலை 1903-ல் நிறுவப்பட்டது. குன்னூர் ரயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். துப்பாக்கிகளுக்கான உந்துமருந்து அங்கே தயாராகிறது. ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தை 2021 அக்டோபர் 1 அன்று ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது இந்த இரண்டும் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்துக்குள் வந்தன. ராணுவத்துக்கு வேண்டிய தோட்டா எந்தச் சூழ்நிலையிலும் வெடிக்க வேண்டும். ஒலிம்பிக்குக்கு வேண்டிய தோட்டா ஒவ்வொன்றும் முந்தையதைப் போலவே வெடிக்க வேண்டும். முதலாவதில் நூறாண்டு அனுபவம் உண்டு. இரண்டாவதற்கு இன்னும் ஐரோப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நிலைமை மாறிவரவில்லை என்று சொல்ல முடியாது. 2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் சிஃப்ட் கவுர் சம்ரா .22 மூன்று நிலைப் போட்டியில் 469.6 எடுத்து, உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். குசாலே இடம்பெற்ற ஆண்கள் அணியும் அதே போட்டியில் உலக சாதனையோடு தங்கம் வாங்கியது. அடுத்த ஆண்டு பாரிஸ். 2020 அறிவிப்பால்தான் இவையெல்லாம் நடந்தன என்று கணக்கு முடித்துவிட முடியாது. பயிற்சியாளர்கள், முகாம்கள், பணம் எல்லாம் சேர்ந்தது. ஆனால் தோட்டா தாராளமாகக் கிடைத்த இடத்தில் .22-ம் இந்தியர் கைக்கு வசப்படும் என்பது நிரூபணமாகிவிட்டது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? வரம்பை இன்னும் உயர்த்துவதல்ல. 5,000 தோட்டா வாங்க அனுமதி இருந்தும் 500-க்குக் காசில்லாதவருக்கு அந்த அனுமதி வெறும் காகிதம். வழி என்.சி.சி. மைதானத்திலேயே இருக்கிறது. அங்கே கேடட்டிடம் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை, காசு கேட்பதில்லை. ரேஞ்சிலேயே எண்ணிக் கொடுக்கிறார்கள், ரேஞ்சிலேயே எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள். தோட்டா வீட்டுக்குப் போவதே இல்லை. போலீஸுக்குக் கவலை இல்லை. அதே முறையில், ஐந்துக்குப் பதில் ஐம்பது, நூறு என்று தேர்ந்த பிள்ளைகளுக்கு ரேஞ்சில் கொடுக்கலாம். சங்கத்தின் ரைஃபிள்களுக்கு ஏற்ற லாட்டைச் சங்கமே சோதித்து மொத்தமாக வாங்கி வைக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் ஜெர்மனிக்குப் போக முடியாது. பத்துப் பிள்ளைகள் மாறி மாறிச் சுடும் ஒரு ரைஃபிள் போய் வரலாம்.

கையால் தோட்டா கட்டுகிற அமெரிக்கன், தன் துப்பாக்கிக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகிறான். .22-ல் அந்த வேலையைத் தனி மனிதன் செய்ய முடியாது. அமைப்புதான் செய்ய வேண்டும். ராணுவம் தன் வீரர்களுக்குச் செய்தது. ரயில்வேயும் மாநிலத் திட்டமும் கம்பல்வாடிப் பையனுக்குச் செய்தன. பதினைந்து வருஷம் கழித்துப் பலன் பாரிஸில் தெரிந்தது.

மாட்டுங்காவில் என்.சி.சி. முகாம் முடிகிறது. கணக்கு நேராகிவிட்டது: கொடுத்தது ஐந்து, காலிக் கூடு ஐந்து. ஹவில்தார் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை மூடுகிறார். சுட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். நான்கு துளைகள் ஓர் எட்டணாக் காசுக்குள் அடங்கியிருக்கின்றன. ஐந்தாவது சற்றே கீழே. தன் தவறா, தோட்டாவின் தவறா என்று பார்க்க இன்னும் ஐந்து சுட வேண்டும். அடுத்த முகாம் அடுத்த வருஷம்.